கிடா மாமா சொன்ன வாக்கு

செண்பகவல்லிக்குக் கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாய் அவள் முகத்தோடு இருந்திருந்தால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரோடு சண்டை, அத்தோடு போயிருக்கும். அது அவள் வரைகிற படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டதுதான் வினை.

அவளுக்கு வேலை கோவில்பட்டியில், 'மறுகரை' என்கிற கம்பெனியில். சாகப்போகிற மனிதரின் நினைவை எடுத்து ஒரு மிருகத்தின் மூளைக்குள் வைத்துக் கொடுக்கிற கம்பெனி அது. பசு, நாய், ஆடு என்று அவரவர் வசதிக்குத் தகுந்த பிறவி. மிருகத்தின் கழுத்தில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அதன் மண்டைக்குள் ஓடுவதை அந்தப் பட்டை படமாகப் பிடித்து அனுப்பும். புகைமூட்டமாகத்தான் வரும். அதைத் துலக்கி, மை போட்டு, கட்டம் கட்டி, வாராவாரம் வீட்டாருக்குப் படக்கதையாக அனுப்புவது செண்பகத்தின் பொறுப்பு.

சேர்ந்த அன்றைக்கே அவள் ரூபனிடம் கேட்டுவிட்டாள். ரூபன்தான் முதலாளி, அந்த எந்திரத்தைச் செய்தவரும் அவரே.

"அப்ப செத்தவங்க மறுபடி பிறந்துட்டாங்கன்னு அர்த்தமா சார்?"

"விளம்பரத்துல அப்படித்தான். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்றேன் கேளு. அது ஆடுதான். பழைய போட்டோ ஆல்பத்தைத் தலையில சுமக்கிற ஆடு. இன்னைக்குப் பார்த்தது படமா வரும், அந்தக் காலத்துல பார்த்தது வரும். நடக்காத ஒண்ணு இதுவரைக்கும் வந்ததே இல்லை. நாளைக்கு என்ன ஆகும்னு அது நினைக்காது, ஆசைப்படாது, யோசிக்காது. உள்ள ஆள் கிடையாது."

"பேச்சு வராதா?"

"வராது. ஊமைப் படம்தான்."

"ஊமைப் படத்தை வச்சுக்கிட்டு வீட்டுல என்ன பண்ணுவாங்க?"

ரூபன் சிரித்தார். "அதுக்குத்தானே உன்னை எடுத்திருக்கேன். வாய்கிட்ட ஒரு பலூன் போட்டு அதுக்குள்ள நாலு வார்த்தை எழுதிவிடு. வாயில்லாத படத்தை எவன் படிப்பான்? ஆனா எழுதுறது நீன்னு வெளியே மூச்சு விடக்கூடாது."

எழுதினாள். அடேயப்பா, என்ன எழுத்து அது! குறிப்பாகக் குருவையாவுக்கு எழுதியதை ஊரே படித்தது.

குருவையா கடலைமிட்டாய்க் கடைக்காரர். நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தவர். அவர் மகன் சீனிராஜ், அப்பாவை ஒரு கருப்பு வெள்ளாட்டுக் கிடாவாக வீட்டுக்குக் கூட்டிவந்தான். கிடா முதல் வாரமே கயிற்றை அறுத்துக்கொண்டு கடைக்குள் புகுந்து, தட்டில் ஆறப்போட்டிருந்த மிட்டாயை நக்கியது. செண்பகம் அந்தக் கட்டத்தில் கிடாவின் வாயருகே ஒரு பலூன் போட்டு, "பாகு பதம் தப்பிப் போச்சுலே சீனி! இதை விக்கிறதுக்குப் பிச்சை எடுக்கலாம்" என்று எழுதினாள். சீனிராஜ் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்காரர்களைக் கூட்டிவைத்துக் காட்டினானாம். அழுதானாம். அப்பா பேச்சு, அச்சு அசல் அப்பா பேச்சு!

அப்புறம் கம்பெனியார் சீனிராஜ் வீட்டாரிடம் சம்மதம் வாங்கி அதைப் பொதுவில் வெளியிட்டார்கள். 'கிடா மாமா' என்று பெயர். பஸ்ஸில் போகிறவன், வங்கியில் வரிசையில் நிற்கிறவள் எல்லாரும் கைப்பேசியில் கிடா மாமாவைப் படித்துச் சிரித்தார்கள். சீனிராஜ் தொழுவத்தில் கிடாவுக்கு முன்னால் உட்கார்ந்து வாயை அசைக்கிற படம் அடிக்கடி வரும். ஆட்டைக் கொஞ்சுகிறான் என்று செண்பகம் நினைத்துக்கொள்வாள். அவன் கொஞ்சவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து இடத்தை வாங்கட்டுமா, மகளை நர்சிங் படிக்கவைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிற பலூனில் அப்பாவின் பதிலைத் தேடிக்கொண்டிருந்தான். கிடைத்ததும் உண்டு! தேடுகிறவனுக்குக் கிடைக்காமல் போகுமா?

இது எதுவும் செண்பகத்துக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ராமலட்சுமி போன் பண்ணுகிறவரைக்கும் தெரியாது.

ராமலட்சுமி குருவையாவின் மகள். வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள்; அப்பன் சாகும்வரை அவள் முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் பாருங்கள், கிடாவின் தலைக்குள்ளிருந்து ஒரே படம் திரும்பத் திரும்ப வந்தது. இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரிய கையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வாரம் செண்பகம் அந்தப் படத்தைக் கட்டத்தில் வைத்து, "ராமலட்சுமி, போனது போகட்டும். வீட்டுக்கு வாம்மா" என்று எழுதிவிட்டாள். அதைப் படித்த சீனிராஜ், அன்றைக்கே தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றான். படம் வரைகிறவள் யாரென்று விசாரித்து, அன்றிலிருந்து ராமலட்சுமி செண்பகத்தை அக்கா என்று போனில் கூப்பிடுவாள்.

"அக்கா, நாளைக்குக் கண்டிப்பா வந்துரணும்," என்றாள் ராமலட்சுமி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எங்க குலசாமி கோயில்ல. பாப்பாவுக்குக் காது குத்து. எங்க அண்ணன் மடியில வச்சுத்தான். அப்பா பேச்சை எங்களுக்குக் கொண்டுவந்து சேத்தது உங்க கையி. நீங்க இல்லாம எப்படி?"

"வரேன்டி. மாமாவும் வருவாருல்ல?"

"அப்பாவுக்காகத்தானே விசேஷமே! முதல்ல அப்பாவைச் சாமிகிட்டச் சேத்துட்டுத்தான் காது குத்து."

"சேத்துட்டுன்னா?"

"அதான்க்கா, அவுக ஆசைப்பட்டாகளே. இருளப்பனுக்கு நேந்து விடச் சொல்லி. அண்ணன் முதல்ல ரெண்டு நாள் சோறு திங்கல. பெறகு, அப்பா வாயால சொன்னதைத் தட்டினா அது புள்ளையான்னு மனசைத் தேத்திக்கிட்டாரு. சமைக்க மாட்டோம்க்கா, சீச்சீ. கோயில்லயே அடக்கம் பண்ணிப் பீடம் எழுப்புறோம். பந்திக்கு வேற கிடா பிடிச்சாச்சு."

செண்பகத்துக்குக் காதுக்குள் ஙொய் என்றது. போனை வைத்துவிட்டுப் பழைய வாரங்களைப் புரட்டினாள். இருந்தது. கிடா, கொடியில் காய்ந்த சீனிராஜின் சட்டையைத் தின்றுவிட்டு, ஒளியப்போய்த் தண்ணீர் வாளிக்குள் தலையை மாட்டிக்கொண்ட வாரம். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், நகைச்சுவை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசிக் கட்டத்தில் வாளித் தலையோடு நிற்கிற கிடாவுக்கு மேலே, "இந்தப் பொழப்புக்கு என்னைய இருளப்பனுக்கே நேந்து விட்டுருங்கலே!" என்று எழுதித் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள்.

எந்த வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்லாமல் இருக்கிறார்கள்? 'எமன் என்னை மறந்துட்டானே' என்று காபி கேட்கிற குரலில் சொல்வதில்லையா? உயிரோடு இருக்கிற மனிதர் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். செத்தவர் மறுபிறவி எடுத்து வந்து சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு ஆகுமா? வாக்கு. அதுவும் குலசாமி பெயரைச் சொல்லிக் கொடுத்த வாக்கு.

இந்த வாரம் வந்திருந்த படங்களை எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் பூசுகிற கைகள், மாலை, காலில் விழுகிற ஜனங்கள். அதற்கு அவள், "என்னலே, எலெக்சன்ல கிலெக்சன்ல நிக்கிறனா?" என்று எழுதி, காலையிலேயே அனுப்பியும் விட்டிருந்தாள். அதையடுத்து ஒரு பழைய நினைவு: குருவையாவின் சொந்தக் கை, ஒரு சொம்பைச் சாய்த்து ஒரு கருப்பு ஆட்டின் முதுகில் தண்ணீர் ஊற்றுகிறது. அதே படம், அதே படம். குளிப்பாட்டுகிறார் என்று நினைத்து, "பச்சத்தண்ணி வேண்டாம்லே, வெந்நி வை!" என்று எழுதியிருந்தாள். ஐயோ, பாவி! வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிச் சம்மதம் கேட்பார்களே, அது அல்லவா இது! அந்த மனிதர் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து நடுங்கியிருக்கிறார். அவள் அந்த நடுக்கத்துக்கு வெந்நீர் நகைச்சுவை எழுதியிருக்கிறாள். செண்பகம் எழுந்து ரூபனின் அறைக்கு ஓடினாள்.

ரூபன் நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா சட்டப்படி குருவையா செத்துட்டாரு. அவங்க ஆட்டை அவங்க வெட்டுறாங்க," என்றார்.

"என் பேச்சைக் கேட்டு வெட்டுறாங்க சார்!"

"நீ போய் உண்மையைச் சொன்னா அந்த ஒரு வீட்டோட நிக்குமா? இதை நம்பி எத்தனை வீட்டுல உயில் மாத்தியிருக்காங்க, கல்யாணம் பேசியிருக்காங்க தெரியுமா? எல்லாருக்கும் அவங்க அப்பா அம்மா இன்னொரு தரம் சாவாங்க. ஒரு ஆட்டுக்காகவா?"

"ஆடு நடுங்குமா சார், கோயிலை நினைச்சு?"

"ஞாபகம் வந்திருக்கும். ஞாபகம் வேற, பயம் வேற."

போலீசுக்குப் போகலாமா என்று நினைத்தாள். போய் என்னவென்று சொல்வது? குலசாமி கோயிலில் கிடா வெட்டுகிறார்கள் என்றா? ஸ்டேஷனில் சிரித்துவிட்டு, பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து இறங்கி, கரிசல் காட்டுக்குள் நடந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இருளப்பசாமிக்குக் கூரை கிடையாது. ஒரு வேம்பு, அடியில் ஒரு கல், சுற்றிலும் ஜனம். எல்லார் கையிலும் கைப்பேசி. கிடா மாமாவோடு நின்று படம் எடுக்கத் தள்ளுமுள்ளு. "மாமா, இந்தப் பக்கம் பாருங்க மாமா!"

குருவையா நடுவில் நின்றார். கொம்பில் மஞ்சள், கழுத்தில் சாமந்தி மாலை, மாலைக்குக் கீழே கம்பெனிப் பட்டை. செண்பகத்தை அவர் பார்த்ததே இல்லை. அவளோ அவர் கண் வழியாக உலகத்தையே பார்த்தவள். இப்போது அந்தக் கண்ணை நேரில் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ராமலட்சுமி ஓடிவந்து கையைப் பிடித்தாள். இடுப்பில் பட்டுப்பாவாடைக் குழந்தை. அவள் புருஷன் தூரத்தில் புளியமரத்தடியில், வரலாமா வேண்டாமா என்று நின்றான்.

"இப்படி வா, ஒரு விஷயம்," என்று அவளை ஓரமாக இழுத்தாள் செண்பகம். எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. போட்டு உடைத்தாள். "ராமலட்சுமி, மாமா சாமிக்கு நேந்துவிடச் சொல்லலை. நான் சொன்னது. பலூன்ல வர்ற எல்லாமே நான் எழுதுறது. எந்திரத்துல படம் மட்டும்தான் வரும்."

ராமலட்சுமி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றது.

"எல்லாமேன்னா?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைய வீட்டுக்கு வரச் சொன்னது?"

"படம் அவரு நினைச்சதுடி. உன் சின்ன வயசுப் படம்தான் ஓயாம வரும். சத்தியமா. வார்த்தை மட்டும் என்னது."

பளாரென்று ஒரு அறை. செண்பகத்துக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. அறைந்தவளே அதிர்ந்துபோய்த் தன் கையைப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது.

"நாசமாப் போறவளே," என்றாள் ராமலட்சுமி. "கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னா என்ன? காது குத்தின பெறகு சொன்னா என்ன? இப்ப நீ வாயத் தொறந்தா என் புள்ளைக்கு மாமன் மடி உண்டா? இந்தச் சனம் என்னைய இங்க நிக்க விடுமா?"

"அதுக்குள்ள அவரை வெட்டிருவாங்களே."

ராமலட்சுமி திரும்பிக் கிடாவைப் பார்த்தாள். மகளின் முடியில் முகத்தை வைத்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய், "அண்ணே, நிறுத்து! கொட்ட நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினாள்.

கொட்டு நின்றது. செண்பகம் எல்லார் முன்னாலும் சொன்னாள். சொல்லச் சொல்லச் சீனிராஜின் முகம் பாகு இறுகுவது போல இறுகியது. அவன் கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஒரு குழந்தையைப் போலக் கேட்டான்.

"அப்ப நான் இத்தன நாளா யாருகூடப் பேசிக்கிட்டிருந்தேன்?"

செண்பகம் கையைக் கூப்பினாள்.

"இடம் வாங்கச் சொன்னது? மகளப் படிக்கவைக்கச் சொன்னது? என்னைய நல்ல புள்ளைன்னு சொன்னாகளே, ஒரு வாரம்... அதுவுமா?"

"அதுவும்தான் அண்ணே. என்னை மன்னிச்சிருங்க."

பங்காளிகளில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப இந்தப் புள்ளைய வரச் சொன்னதும் பொய்யின்னு ஆச்சு. சாகுற வரைக்கும் மொகத்துல முழிக்காத மனுசன், ஆடா வந்தா கூப்பிடுவாரு? அன்னைக்கே சொன்னேன், எவன் கேட்டான்?" என்றார். யாரோ ஒருவன், காது குத்துக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி வேம்பில் சாய்த்தான். ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

பூசாரி மூக்கையா அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். "நேந்த கிடாவ விடவும் வெட்டவும் நமக்கு அதிகாரம் இல்லப்பா. தண்ணி ஊத்துவோம். சிலுப்பினாச் சம்மதம். சிலுப்பாட்டி அவுத்து விட்டுருவோம். என்னைக்கும் உள்ள வழக்கம்தான்."

சீனிராஜ் கிடாவுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தான். அதன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினான்.

"அப்பா, இந்தப் புள்ள வந்து என்னென்னமோ சொல்லுது. படக்கதையில வந்த பேச்சு உங்க பேச்சு இல்லையாம். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்களே சொல்லுங்க. உங்க பேச்சுன்னா சிலுப்புங்க. இல்லன்னா அப்படியே நில்லுங்க. நாம வீட்டுக்குப் போயிருவோம்."

"முழுசாச் சொல்லுலே," என்றார் மூத்தவர். "நின்னாருன்னா உன் தங்கச்சியக் கூப்பிட்ட பேச்சும் இல்லன்னு ஆகும். அதையும் சொல்லிக் கேளு."

சீனிராஜ் தங்கச்சி பக்கம் பார்க்கவில்லை. "ஆமாப்பா. எல்லாம் ஒரே பேச்சுதான். உங்களுதுன்னா எல்லாம் உங்களுது. இல்லன்னா ஒண்ணுமே இல்ல."

பூசாரி சொம்பைச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் கொம்பிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து முதுகு என்று இறங்கியது.

ஆடு வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதுகில் தண்ணீர் விழுந்தால் சிலுப்பாத ஆடு கிடையாது. அது உடம்பு செய்கிற வேலை, கண் இமைப்பது மாதிரி. குருவையா சிலுப்பவில்லை. நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றார். தோல் தனியாகச் சுருண்டு சுருண்டு நெளிந்தது. தொடை வெடவெடவென்று ஆடியது. வாயோரம் நுரை தள்ளியது. ஆனாலும் நின்றார். பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். நின்றார்.

கூட்டத்தில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. "உள்ள மனுசன்லா இருக்காரு," என்று ஒரு அம்மா மெல்லச் சொன்னாள்.

பிழைத்தார்! செண்பகம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எதிரே இருந்த கல்லையே கும்பிட்டாள்.

சீனிராஜ் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடாவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். குனிந்தபடியே, தங்கச்சியைப் பார்க்காமல், "அப்பா சொல்லிட்டாக. நீ கெளம்பு," என்றான்.

"பரவால்லண்ணே," என்றாள் ராமலட்சுமி. "அவுக இருக்காகல்ல, அது போதும். வெயில்ல நிக்க வைக்காம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, புளியமரத்தைப் பார்த்து நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. யார் கையும் அவள்மேல் பட்டுவிடாதபடி விலகினார்கள்.

குருவையா கழுத்தைத் திருப்பினார். அவள் போகிற திசையில் கயிற்றை இழுத்தார். கயிறு விட்டுக்கொடுக்கவில்லை. கத்தினார். அது ஆட்டுக் கத்தல்தான், அதற்குமேல் அந்தத் தொண்டைக்கு வராது. நடந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை.

அப்போது அவர் சிலுப்பினார். தண்ணீர் வடிந்து போயிருந்தது. ஊற்றி நேரமும் ஆகியிருந்தது. கொம்பில் தொடங்கி வால்வரை உடம்பை உலுக்கினார். மாலை பிய்ந்து சாமந்தி சிதறியது. நிறுத்தி, சீனிராஜைப் பார்த்தார். மறுபடி உலுக்கினார். யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது என்பது போல மறுபடியும்.

குலவைச் சத்தம் எழுந்தது. "சம்மதம்! சம்மதம்!" கொட்டு அதிர்ந்தது. சீனிராஜ், "அப்பா! அவுக பேச்சுதான்! எல்லாம் அவுக பேச்சுதான்!" என்று கதறிக்கொண்டு ஓடிப்போய்த் தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துவந்தான். மூத்த பங்காளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிடாவின் காலில் விழுந்தார். "வேண்டாம்ப்பா! வேண்டாம்!" என்று ராமலட்சுமி அலறியதை அந்தக் கொட்டுச் சத்தத்தில் யார் கேட்டார்கள்?

செண்பகத்தின் பையில் இருந்த, அவள் படம் வரைகிற மின்பலகை அதிர்ந்தது. பட்டையிலிருந்து வருகிற படம் முதலில் அவளுக்குத்தான் வரும். எடுத்துப் பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருக்கிறது. சீனிராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் மடியில் பட்டுப்பாவாடைக் குழந்தை, வாயைப் பிளந்து அழுகிறது. பக்கத்தில் ராமலட்சுமி, அழுகையும் சிரிப்புமாக. புளியமரத்தடியில் நின்றவனும் இங்கே வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடக்கிறது.

நிமிர்ந்து பார்த்தாள். ஜமுக்காளம் இன்னும் சுருட்டியபடி மரத்தில் சாய்ந்திருந்தது. இது நினைவு இல்லை. பார்த்ததும் இல்லை. இன்னும் நடக்கவே இல்லை. அவர் இதை நினைத்திருக்கிறார். வேண்டும் என்று நினைத்திருக்கிறார். தான் இல்லாத ஒரு படத்தைத் தானே வரைந்திருக்கிறார். ஆல்பம் சுமக்கிற ஆடா இது? ஐயோ, உள்ளே ஆள் அல்லவா இருந்தது, இத்தனை நாளும்!

"நிறுத்துங்க!" என்று ஓடினாள். கூட்டத்துக்குள் விழுந்து எழுந்து ஓடினாள். "அவரு யோசிக்கிறாரு! இங்க பாருங்க, அவரே படம் போட்டிருக்காரு! ஆடு இல்லைங்க, ஆளு! உள்ள குருவையா இருக்காரு!"

சீனிராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் கண்ணீர். அவளைப் பார்த்து அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தெரியும் தாயி," என்றான். "எங்கப்பாதான். ஆடுன்னா அதுகிட்டப் போயி சம்மதம் கேட்டு மண்ணுல உக்காருவனா?"

அவனுக்குப் பின்னால் அரிவாள் இறங்கியது. ஒரே வெட்டு. பூசாரி கை தேர்ந்தவர்.

கொஞ்ச நேரத்தில் ரூபன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது, காரில் வந்துகொண்டிருந்தார். "செண்பகம், அந்தப் படம் எனக்கும் வந்தது! பார்த்தியா? நடக்காதது வந்திருக்கு! நான் இத்தனை வருஷம் தப்பாச் சொல்லிட்டேன். ஞாபகம் இல்லை அது, ஆளு! இனிமே சட்டமே மாறணும். அவரை யாரும் தொடக்கூடாது, கேட்டியா? பத்திரமாப் பிடிச்சு வை, நான் வந்துட்டே இருக்கேன். அவரு எங்க, பக்கத்துலயா இருக்காரு?"

ஜமுக்காளத்தை விரித்தாயிற்று. சீனிராஜ் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்தார். புளியமரத்தடியில் நின்றவனை மூத்த பங்காளியே கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்.

"செண்பகம்? கேக்குதா? அவரு எங்க?"

"கேட்டாங்க சார்," என்றாள் செண்பகம். "சரின்னு சொல்லிட்டாரு."

குழந்தை வாயைப் பிளந்து அழுதது.